இந்தியா பேல் ஏல்: ஒரு திருத்தப் பதிவு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளைக் காணோம்னு ரெண்டு பேர் மெயில் போட்டிருந்தீங்க. ஆணி அதிகம். க்ளையண்ட் இடத்துல நாலு மாசம் இருந்து பிடுங்கிட்டு வான்னு இங்கிலாந்துக்கு, டார்பி என்கிற ஊருக்கு அனுப்பிட்டாங்க. வந்து மூணு மாசம் ஆச்சு.

இன்னைக்கு வந்தது ஒரு மன்னிப்பு கேட்க. முன்னாடி "பியர்ல இத்தனை வகையா?"ன்னு ஒரு பதிவு போட்டேன், ஞாபகம் இருக்கா? அதுல ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் பிறந்த கதையை ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தப் பத்தி முக்கால்வாசி தப்பு. நிறைய பேர் படிச்ச பதிவு, சிலர் அதை எடுத்து வேற இடத்துலயும் போட்டிருக்காங்க. நைசா எடிட் பண்ணிட்டுப் போயிருக்கலாம். மனசு கேக்கலை. ப்ரொடக்‌ஷன்ல போன பக் (பூச்சி!) மாதிரி, இதுக்கும் முறையா ஒரு ரிலீஸ் நோட் போட்டுடறேன்.

(டிஸ்கி: இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. இதைப் பத்திக் கடைசியில் கொஞ்சம் சீரியஸா பேசணும், அதுவரைக்கும் பொறுமை.)

நான் விட்ட ரீல்

அந்தப் பத்தியில் நான் எழுதினது இதுதான். 1780கள்ல இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்களுக்கு பியர் தேவைப்பட்டது. கப்பல்ல ஆறு மாசம், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி வர்றதுக்குள்ள பியர் புளிச்சுப் போயிடும். அப்ப லண்டன்ல ஜார்ஜ் ஹாட்ஜ்சன்னு ஒரு புத்திசாலி, ஹாப்ஸையும் ஆல்கஹாலையும் ஏகத்துக்கும் ஏத்தி, கெடாத ஒரு புது பியரைக் கண்டுபிடிச்சார். அதுதான் ஐபிஏ.

கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! ஒரு பிரச்சனை, ஒரு ஹீரோ, ஒரு தீர்வு. பவர்பாயிண்ட்ல மூணு ஸ்லைடுல முடிஞ்சிடும். அதனாலதான் உலகம் பூரா பாட்டில் லேபிள்ல இதையே அச்சடிச்சு வச்சிருக்காங்க.

டார்பியிலிருந்து ரயில் ஏறினா கால் மணி நேரத்துல பர்ட்டன் வந்துடும். பர்ட்டன் அபான் ட்ரெண்ட். ஐபிஏன்னு உலகமே தெரிஞ்சுக்கிட்ட ஊர். ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போயிட்டேன். அங்க ஒரு பழைய பப்ல மூணு வகையை ஒரு மரப் பலகையில வச்சுத் தர்றாங்க, ஒவ்வொண்ணும் மூணுல ஒரு பங்கு பைண்ட். மூணும் சேர்ந்தா ஒரு பைண்ட், 568 மில்லி. பக்கத்து ஸ்டூல்ல ஒரு தாத்தா. எழுபது வயசுக்கு மேல இருக்கும். எங்கிருந்து வர்றேன்னு கேட்டார். இந்தியான்னு சொன்னேன். அவர் ஐபிஏ கிளாஸைக் காட்டி, "அப்ப இது உங்க ஊர்ச் சரக்கு"ன்னு சிரிச்சார்.

நான் விடுவேனா? மேற்படி ஸ்லைடு மூணையும் ஓட்டினேன். தாத்தா கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டுட்டு, "ரொம்ப நல்ல கதை தம்பி. இதுல ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் இருந்தார் என்கிறது மட்டும் உண்மை"ன்னார்.

எனக்குக் காது சிவந்துடுச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் கிடைச்ச நேரத்துல எல்லாம் இதையே படிச்சேன். மார்ட்டின் கார்னெல்னு ஒரு பத்திரிகையாளர், இந்த மாதிரி பியர் கட்டுக்கதைகளை எல்லாம் பழைய செய்தித்தாள், விளம்பரம், கணக்குப் புத்தகம்னு தோண்டி உடைச்சுப் போட்டிருக்கார். அந்த வெளிச்சத்துல, அன்னைக்கு என் முன்னாடி இருந்த மூணு கிளாஸையும் திரும்ப ஒரு தடவை பார்ப்போம்.

முதல் கிளாஸ்: போர்ட்டர்

நிறம் நல்ல கருப்பு. வெளிச்சத்துல பிடிச்சா ஓரத்துல மட்டும் மாதுளை விதை மாதிரி சிவப்பு. இங்கே இதை விவரிக்க சாக்லேட், டாஃபி, பிஸ்கட்னு என்னென்னவோ சொல்றாங்க. எனக்கு மூக்குல ஏறினது காப்பிக்கொட்டை வறுக்கும்போது கொஞ்சம் தீஞ்சு போன வாசனை. வாயில வச்சா கருப்பட்டி. கடைசியில நாக்கை லேசா இழுத்துப் பிடிக்குது. அது கசப்பு இல்லை, துவர்ப்பு. நமக்கு இது ரெண்டும் வேறன்னு சின்ன வயசுலயே வாழைப்பூவும் பாகற்காயும் சொல்லிக் குடுத்துடுச்சு. பியர் ருசிக்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் குழம்புறதே இந்த இடத்துலதான்.

போர்ட்டர் 1720கள்ல லண்டன்ல பிரபலமாச்சு. தெருவுல மூட்டை தூக்கின, கப்பல் சரக்கு இறக்கின போர்ட்டர்கள், அதாவது சுமை தூக்கும் தொழிலாளிகள், விரும்பிக் குடிச்சதால அந்தப் பேரு. உடம்பு உழைப்பாளியோட பானம். ஆனா தயாரிச்சவங்க பெரும் பணக்காரங்க ஆனாங்க. 1796ல விட்பிரெட் ப்ரூவரி மட்டும் ஒரே வருஷத்துல 2 லட்சம் பேரல் காய்ச்சியிருக்கு.

நம்ம மக்களுக்குப் பிடிச்ச ஒரு மேட்டர் இங்க இருக்கு. பார்லியை ஊற வச்சு, முளைகட்டி, சூட்டுல காய வச்சா மால்ட். விறகுத் தீயில கருக விட்டா பிரவுன் மால்ட், மலிவு. கரியைச் சுட்டுப் புகை போக்கின கோக்ல பதமா காய வச்சா வெளிர் மால்ட், விலை அதிகம். அதனால போர்ட்டருக்கு பிரவுன் மால்ட்தான். 1770, 80கள்ல ஹைட்ரோமீட்டர்னு ஒரு சின்னக் கருவி ப்ரூவரிக்குள்ள வந்தது. திரவத்துல மிதக்க விட்டா எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு காட்டும். போட்டுப் பார்த்தா அதிர்ச்சி! மலிவுன்னு வாங்கின பிரவுன் மால்ட்ல உருப்படியா கிடைக்கிற சர்க்கரை ரொம்பக் கம்மி. கணக்குப் போட்டா வெளிர் மால்ட்தான் லாபம். அவ்வளவுதான், எல்லாரும் மாறிட்டாங்க. ஆனா கருப்பு நிறம் போச்சே? அதுக்கு 1817ல டேனியல் வீலர்னு ஒருத்தர், காப்பிக்கொட்டை மாதிரி உருளையில போட்டு மால்ட்டைக் கருக்க வறுக்கிற முறைக்கு பேட்டன்ட் வாங்கினார். இன்னைக்கு நாம ருசிக்கிற அந்த காப்பி வாசனை, அளக்க ஆரம்பிச்சதால வந்த பக்க விளைவு.

இன்னொரு சம்பவம். 1814 அக்டோபர் 17. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கத்துல ம்யூ கம்பெனியோட ஹார்ஸ் ஷூ ப்ரூவரி. போர்ட்டரை மாசக்கணக்குல ஊற வைக்க 22 அடி உயரத்துக்கு ஒரு மரத்தொட்டி. சாயங்காலம் நாலரை மணிக்கு, தொட்டியைச் சுத்தியிருந்த இரும்பு வளையத்துல ஒண்ணு நழுவி விழுது. வளையத்தோட எடையே 300 கிலோவுக்கு மேல. கிளார்க் பார்த்துட்டு மேலே சொல்றார். இது வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை நடக்கிறதுதான், ஒண்ணும் ஆகாது, சரி பண்ணச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வைன்னு பதில். நம்ம பாஷையில: டிக்கெட் ரெய்ஸ் பண்ணு, ப்ரையாரிட்டி லோ. ஒரு மணி நேரத்துல தொட்டி வெடிச்சது. பின்னாடி சுவரை உடைச்சுக்கிட்டு பக்கத்துல இருந்த ஏழைகளோட குடியிருப்புக்குள்ள போர்ட்டர் வெள்ளம் புகுந்தது. எட்டு பேர் செத்தாங்க. அதுல அஞ்சு பேர் ஒரு அயர்லாந்துக் குடும்பத்துல, முந்தின நாள் இறந்த ரெண்டு வயசுக் குழந்தைக்குத் துக்கம் காத்துக்கிட்டு இருந்தவங்க. எல்லாருமே பெண்களும் குழந்தைகளும்தான்.

விசாரணையில விபத்துன்னு முடிச்சாங்க. ப்ரூவரிக்கு, கொட்டிப் போன பியருக்குக் கட்டின வரியை அரசாங்கம் திருப்பிக் குடுத்தது.

இதுலயும் ஒரு ரீல் இருக்கு. ஜனங்க பாத்திரத்தை எடுத்துக்கிட்டு ஓடி வந்து தெருவுல ஓடின பியரைக் குடிச்சாங்க, அதுல குடிச்சே ஒருத்தர் செத்தார்னு இப்பவும் நிறைய பேர் எழுதறாங்க. அந்தக் காலத்துப் பத்திரிகைகள்ல அப்படி ஒரு செய்தியே கிடையாது. கூடின கூட்டம் அமைதியா, மீட்பு வேலைக்கு ஒத்துழைச்சு நின்னதாத்தான் இருக்கு. குடிகாரக் கும்பல் என்கிற சிரிப்பு அப்புறம் யாரோ ஒட்டினது. கட்டுக்கதை எப்பவும் தொட்டி முதலாளி மேல விழறதில்லை, கவனிச்சீங்களா?

ரெண்டாவது கிளாஸ்: பர்ட்டன் பேல் ஏல்

செம்பு நிறம். கிளாஸைக் கிட்ட கொண்டு போனதும் தீக்குச்சி உரசின வாசனை! பழுதுன்னு நினைச்சுத் திருப்பிக் குடுக்கப் போனேன். தாத்தா தடுத்துட்டார். அதுதான் பர்ட்டன் முத்திரையாம். ஊர்க் கிணத்துத் தண்ணியில ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட் ஏராளம். அந்தக் கந்தகம்தான் மூக்குல. ரெண்டு நிமிஷத்துல அது கலைஞ்சு, வறுத்த பொட்டுக்கடலை வாசனையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் வந்தது. கசப்பு சுருக்குன்னு வந்து சட்டுனு போயிடுது, இழுக்கறதில்லை. வேப்பம்பூ ரசம் குடிச்ச மாதிரி.

அந்த 'சுருக்'தான் தண்ணியோட வேலை. சல்ஃபேட் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும். லண்டன் தண்ணியில கார்பனேட் அதிகம். அதுல வெளிர் பியர் காய்ச்சினா கசப்பு கரகரன்னு இருக்கும். ஆனா கருக்கின மால்ட்ல இருக்கிற அமிலம் அந்தக் காரத்தைச் சரிக்கட்டிடும். அதனாலதான் லண்டனுக்கு போர்ட்டர். செக் நாட்டு பில்சென்ல தண்ணி கிட்டத்தட்ட மழைத் தண்ணி மாதிரி மென்மை. அங்க 1842 அக்டோபர்ல யோசெஃப் க்ரோல் என்கிற பவேரியாக்காரர் தங்க நிறத்துல காய்ச்சினதுதான் முதல் பில்ஸ்னர். இன்னைக்கு உலகத்துல விக்கிற பியர்ல பெரும்பங்கு அதோட வாரிசு, நம்ம ஊர் லாகர் உட்பட. மதுரை ஜிகர்தண்டாவை வேற ஊர்ல போட்டா வர்றதில்லைன்னு சொல்வோம்ல, அது பெருமைக்காக. இது வேதியியல்! 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்த ரகசியம் உடைஞ்சு, மத்த ஊர்க்காரங்க தண்ணியில ஜிப்சம் கலக்க ஆரம்பிச்சாங்க. அந்த வேலைக்கு 'பர்ட்டனாக்கம்'னே பேரு.

இங்க இன்னொரு பெருமை பர்ட்டன் யூனியன். வரிசையா ஓக் மரப் பீப்பாய்கள், ஒவ்வொண்ணு மேலயும் வாத்துக் கழுத்து மாதிரி ஒரு குழாய். நொதிக்கும்போது பொங்குற ஈஸ்ட் குழாய் வழியா மேல இருக்கிற தொட்டிக்குப் போயிடும், பியர் மட்டும் திரும்பக் கீழே வரும். இதைக் கடைசி வரைக்கும் பெரிய அளவுல வச்சிருந்தது மார்ஸ்டன்ஸ். 2024 ஜனவரியில அவங்களும் நிறுத்தறதா அறிவிச்சுட்டாங்க. நல்லவேளை, ஒரு செட்டை இதே டார்பிஷையர்ல இருக்கிற தார்ன்பிரிட்ஜ் ப்ரூவரி எடுத்துக்கிச்சு. தாத்தா இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிப் போச்சு.

மூணாவது கிளாஸ்: ஐபிஏ

இப்ப மெயின் மேட்டர். வெளிர் தேன் நிறம். ஈரமண், காய்ஞ்ச புல், எலுமிச்சைத் தோல். அப்புறம் நீளமான ஒரு கசப்பு, சுண்டைக்காய் வத்தல் மாதிரி. ஆல்கஹால் ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இப்ப தப்புகளை ஒவ்வொண்ணா கழட்டுவோம்.

தப்பு 1: முன்னாடி அனுப்பின பியர் எல்லாம் கெட்டுப் போச்சு. இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இந்தியாவுக்கு பியர் வந்துக்கிட்டுத்தான் இருந்தது. போர்ட்டரும் நல்லபடியா வந்து சேர்ந்து, நல்லா வித்தது.

தப்பு 2: ஹாட்ஜ்சன் புதுசா கண்டுபிடிச்சார். இல்லை. வெப்ப நாட்டுக்குப் போற பியர்ல ஹாப்ஸ் கூடப் போடணும்னு 1760கள்லயே ப்ரூவர்களுக்குப் புத்தகத்துல சொல்லியாச்சு. ஹாட்ஜ்சன் அனுப்பினது, அனேகமா இங்கிலாந்துப் பண்ணை மாளிகைகள்ல அக்டோபர் மாசம் காய்ச்சி ஒண்ணு ரெண்டு வருஷம் பீப்பாயில ஊறப் போடற வெளிர் பியர் வகை. அந்த வருஷக்கணக்கான ஊறலை, கப்பல் ஆட்டமும் சூடும் நாலஞ்சு மாசத்துல செஞ்சு முடிச்சிடுச்சு. யாரும் திட்டம் போடலை.

தப்பு 3: ரொம்ப ஸ்ட்ராங். இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்து பியர்கள்ல இது நடுத்தரம்தான்.

அப்ப ஹாட்ஜ்சன் எப்படி ஜெயிச்சார்? ரெண்டே காரணம். ஒண்ணு, அவர் ப்ரூவரி இருந்த போ என்கிற இடம், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ன பிளாக்வாலுக்குப் பக்கம். ரெண்டு, கடன். கம்பெனிக் கப்பல்ல கேப்டனும் அதிகாரிகளும் சொந்த வியாபாரத்துக்குக் கொஞ்சம் சரக்கு ஏத்திக்கலாம். ஹாம், சீஸ், தொப்பி, பியர்னு வாங்கிட்டுப் போய் கல்கத்தா, மெட்ராஸ்ல வித்து லாபம் பார்ப்பாங்க. ஹாட்ஜ்சன் அவங்களுக்குப் பதினெட்டு மாசம் வரைக்கும் கடன் குடுத்தார். போயிட்டு வந்து காசு குடுத்தா போதும். நம்ம தெருமுனை அண்ணாச்சி கடை நோட்டுதான், கொஞ்சம் பெரிய நோட்டு!

அடுத்த தலைமுறையில் ஹாட்ஜ்சன் குடும்பத்துக்குத் தலைகனம் ஏறிடுச்சு. 1821 வாக்குல விலையை ஏத்தி, கடனை வெட்டி, தாங்களே கப்பல்ல அனுப்பி விக்க ஆரம்பிச்சாங்க. வியாபாரிகள் கடுப்பாகிட்டாங்க. 1822ல கம்பெனி இயக்குநர் கேம்ப்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் ப்ரூவர் சாமுவேல் ஆல்சாப்பை அழைச்சு இந்தியா சந்தைக்கு நீங்க வாங்கன்னார். அதே 1822ல ரஷ்யா இறக்குமதி வரியை ஏத்தி, பர்ட்டன்காரங்களோட பழைய பிழைப்பான ரஷ்ய வியாபாரம் படுத்திருந்த நேரம். ஆல்சாப், பாஸ், சால்ட்னு வரிசையா இறங்கினாங்க. ஜிப்சம் தண்ணி அவங்க பக்கம். கொஞ்ச வருஷத்துல ஹாட்ஜ்சனை ஓரம் கட்டிட்டாங்க. ஆல்சாப்போட ஆள் முதல் சாம்பிளை டீ கெட்டில்ல காய்ச்சினார்னு ஒரு கதையும் உண்டு. சூடு கண்ட பூனை நான், அதை உண்மைன்னு எழுத மாட்டேன்.

இன்னொண்ணு: இத்தனை காலமும் இதுக்கு ஐபிஏன்னு பேரே கிடையாது. இந்தியாவுக்காகத் தயாரிச்ச பேல் ஏல்னு நீட்டி முழக்கித்தான் விளம்பரம். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்கிற பேரு கிடைச்சிருக்கிற பழைய விளம்பரம் 1829ல, அதுவும் ஆஸ்திரேலியாவுல சிட்னி பத்திரிகையில! 1827ல ஒரு கப்பல் உடைஞ்சு, கரை ஒதுங்கின பீப்பாய்களை லிவர்பூல்ல ஏலம் விட்டதாலதான் இங்கிலாந்து ஜனங்களுக்கு ஐபிஏ தெரிஞ்சதுன்னு நான் எழுதினதும் ரீல்தான். அந்தக் கதையே 1869ல வந்த ஒரு புத்தகத்துலதான் முதல்ல தலை காட்டுது.

உண்மையில் 1839ல பர்ட்டனுக்கு ரயில் வந்தது, உள்ளூர் வியாபாரம் பெருகினது. 1870கள்ல பாஸ் உலகத்துலயே பெரிய ப்ரூவரி. லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷன் 1868ல திறந்தப்ப, அடித்தளம் முழுக்க பர்ட்டன் பியர் பீப்பாய் அடுக்கற கிடங்கு. தூண்களுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி விடறதுன்னு பீப்பாய் அளவை வச்சுத்தான் பொறியாளர் பார்லோ முடிவு பண்ணினார். நான் டார்பிக்கு ரயில் ஏறினது அந்த ஸ்டேஷன்லதான். பெட்டியை இழுத்துக்கிட்டு அந்தத் தூண்களுக்கு நடுவுல நின்னு பர்கர் சாப்பிட்டிருக்கேன், ஒண்ணும் தெரியாம!

அப்புறம் என்ன ஆச்சு

இதை ஓட்டமா சொல்லிடறேன். முதல் உலகப் போர், பியரோட அடர்த்தியைப் பார்த்துப் போட்ட வரி எல்லாம் சேர்ந்து இங்கிலாந்து ஐபிஏ நாலு சதவீதத்துக்கும் கீழே இளைச்சுப் போச்சு. 1960கள்ல எல்லாமே கேஸ் அடைச்ச கெக் பியர். அதை எதிர்த்து 1971ல நாலு நண்பர்கள் அயர்லாந்துல ஒரு மதுக்கடையில உட்கார்ந்து தொடங்கினதுதான் கேம்ரா இயக்கம். 1977ல மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை சாமி, இவர் பத்திரிகையாளர்) உலக பியர்களை ஸ்டைல் ஸ்டைலா பிரிச்சு ஒரு புத்தகம் போட்டார். இன்னைக்கு நாம போர்ட்டர், ஐபிஏ, பில்ஸ்னர்னு வகை பிரிச்சு மார்க் போடறது அந்தப் பழக்கத்துலதான்.

அமெரிக்காவுல 1965ல ஃப்ரிட்ஸ் மேட்டேக் மூடற நிலையில இருந்த ஆங்கர் ப்ரூவரியை வாங்கினார். 1972ல கேஸ்கேட்னு ஒரு புது ஹாப்ஸ் ரகம் வெளியாச்சு. பம்ப்ளிமாஸ் பழத்தோல் கிள்ளின வாசனை அதுக்கு. 1978ல அதிபர் கார்ட்டர் வீட்டுல பியர் காய்ச்சறதை அனுமதிச்ச சட்டத்துல கையெழுத்து போட்டார். 1980ல சியரா நெவாடா. கராஜ்ல தொடங்கின ஸ்டார்ட்டப் கதை மாதிரியே இருக்கும். செத்துக்கிட்டு இருந்த ஐபிஏ என்கிற பேரை எடுத்து, அமெரிக்க ஹாப்ஸை அள்ளிக் கொட்டி, இவங்கதான் திரும்ப உலகத்துக்கு வித்தாங்க.

போன வாரம் டார்பியில அமெரிக்கன் ஐபிஏ ஒண்ணும், ஹேஸி ஐபிஏ ஒண்ணும் குடிச்சுப் பார்த்தேன். முன்னது பம்ப்ளிமாஸ், சாம்பிராணிப் பிசின், முரட்டுக் கசப்பு. பின்னது கலங்கல் மஞ்சள், மாம்பழ ஜூஸ் மாதிரி, கசப்பே தேட வேண்டியிருக்கு. 1830கள்ல இதைக் குடிச்ச துரை எழுந்து வந்து பார்த்தா, இதுக்கா என் பேரு வச்சீங்கன்னு அழுதுடுவார்.

பேர்ல இருக்கிற இந்தியா

இவ்வளவு படிச்சும் ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்தது. இந்தியா பேல் ஏல்ல இந்தியன் எங்கே?

குடிச்சது இந்தியன் இல்லை. அதிகாரிகளும் சிவிலியன்களும் குடிச்சது பேல் ஏல், வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கம்பெனி வாங்கிப் போட்டது பெரும்பாலும் போர்ட்டர். அந்தச் சிப்பாய்கள் கணிசமா செத்தது இங்கே கிடைச்ச மலிவு சாராயத்துல.

மெட்ராஸையே எடுத்துக்குங்க. அங்க துறைமுகமே கிடையாது. 1870கள்லதான் அந்த வேலை ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி 1860களின் தொடக்கத்துல ஒரு இரும்பு பியர் கட்டினாங்க (இது குடிக்கிற பியர் இல்லை, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மேடை). அதுக்கும் முன்னாடி? கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். நடுவுல அலை, ஒண்ணு மேல ஒண்ணா. இங்கிலாந்துப் படகு எதுவும் அதுல தாங்காது. தாங்கினது நம்ம மீனவர்களோட மசூலாப் படகு மட்டும்தான். பலகையை ஆணி அடிக்காம தென்னங்கயித்தால தைச்ச படகு. ஆணி அடிச்சா அலை மோதும்போது விறைச்சு உடைஞ்சுடும், தையல் வளைஞ்சு குடுக்கும். இன்னைக்கும் பொறியியல் கல்லூரியில பாடம் நடத்தலாம். மெட்ராஸுக்கு வந்த ஒவ்வொரு பீப்பாயும் அந்தப் படகுல, அந்தத் துடுப்புக்காரர்கள் கையிலதான் கரை ஏறியிருக்கு. ஹாக்ஸ்ஹெட்னு சொல்ற பீப்பாய்ல பியர் மட்டும் சுமார் 245 லிட்டர். அதை ஆடற கப்பல்ல இருந்து ஆடற படகுக்கு இறக்கி, அலை தாண்டி, மணல்ல உருட்டி.

அப்புறம் குளிர வைக்கணும். வெடியுப்பைத் தண்ணியில கரைச்சா தண்ணி ஜில்லுனு ஆகும், அதுக்குள்ள பாட்டிலைச் சுழற்றிக்கிட்டே இருக்கணும். அதுக்குன்னே வீட்டுல ஆப்தார்னு ஒரு வேலைக்காரர். 1833ல அமெரிக்காவிலிருந்து டியூடர் கம்பெனியோட ஐஸ்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது, 1840கள்ல மெட்ராஸ்லயும் அதுக்கு ஒரு கிடங்கு கட்டினாங்க. நம்ம ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம். நான் அந்த ஸ்டாப்ல எத்தனை தடவை பஸ் மாறியிருப்பேன்!

என் பழைய பத்தியில ஹாட்ஜ்சன் பேரு இருந்தது. துடுப்பு போட்டவங்க, வெடியுப்புத் தண்ணியில கை வச்சிருந்தவங்க ஒருத்தர் பேரும் இல்லை. எனக்கு இன்னைக்கும் ஒரு பேரும் தெரியாது. குறைஞ்சபட்சம் அவங்க இருந்தாங்கன்னாவது எழுதியிருக்கணும். இந்தத் திருத்தத்துல முக்கியமானது அதுதான்.

ஒரு அனானிக்கு பதில்

பழைய பதிவுல ஒரு அனானி, "குடியை ரசனைன்னு வெள்ளை அடிக்கறீங்களே, குடியால குடும்பம் போனவங்க வீட்டுல போய் இதைப் படிச்சுக் காட்டுங்க"ன்னு பின்னூட்டம் போட்டிருந்தார். அப்ப ஒரு ஸ்மைலி போட்டு நழுவிட்டேன். அதுக்கும் சேர்த்து மன்னிப்பு.

அனானி, அந்த வீடு எங்க வீடும்தான். எங்க சித்தப்பா 44 வயசுல போனார். அவர் குடிச்சதுக்கு ஸ்டைல் பேரு, வாசனைக் குறிப்பு எதுவும் கிடையாது. நின்னுக்கிட்டே ஒரே மூச்சுல இறக்கிட்டு வாயைத் துடைச்சுக்குவார். சித்தி இன்னைக்கும் அந்தத் தெரு வழியா நடக்க மாட்டாங்க. நான் மூணுல ஒரு பங்கு கிளாஸை முக்கால் மணி நேரம் வச்சுக்கிட்டு வாசனை பிடிக்கறேன்னா, அது பயத்தாலயும்தான். நான் காசும் வேலையும் உள்ளவன் என்கிறதால இதுக்குப் பேரு ரசனை, சித்தப்பாவுக்குப் பேரு குடிகாரன். இது நியாயமில்லைன்னு எனக்குத் தெரியும். ரெண்டு கிளாஸ்லயும் இருக்கிறது ஒரே எத்தனால்தான். நீங்க குடிக்கலைன்னா, இந்தப் பதிவால ஆரம்பிக்காதீங்க. வரலாற்றைப் படிக்க கிளாஸ் தேவையில்லை.

அவ்வளவுதான் மக்களே. பழைய பதிவோட தலையில இந்தப் பதிவுக்குச் சுட்டி குடுத்துட்டேன். அந்தப் பத்தியை அழிக்கலை, கோடு போட்டு அடிச்சு வச்சிருக்கேன். தப்பு பண்ணினது தெரியட்டும். எடுத்துப் போட்ட நண்பர்கள் முடிஞ்சா அங்கேயும் திருத்திடுங்க.

பி.கு 1: போன சனிக்கிழமை திரும்ப பர்ட்டன் போனேன். தாத்தா அதே ஸ்டூல்ல. மசூலாப் படகு பத்தி நான் சொன்னேன், அது அவருக்குத் தெரியலை. கயித்தால தைச்ச படகான்னு மூணு தடவை கேட்டார். கணக்கு நேராயிடுச்சு.

பி.கு 2: மெட்ராஸ் கரையில சரக்கு இறக்கினவங்க குடும்பத்துல யாராவது கேட்ட கதை, பாட்டி சொன்ன கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. இந்தத் தடவை சரிபார்த்துட்டுத்தான் பதிவேன், சத்தியமா.